உங்கள் நாட்பதிவைக் கொண்டு கைபேசியைப் பழக்குவது: முதல் நிரலிலிருந்து முதல் விதி வரை

என் நடைக் கணக்குச் செயலி ஒவ்வொரு மாரியிலும் என்னைச் சோம்பேறி என்றது. கல்லடிக் கடற்கரையில் ஒரு நாயைக்கூடக் காணாத, ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மார்கழியிலும் அது 10,000 காலடி கேட்டது. 2021 முதல் நாள்தோறும் எழுதிய பதிவு என்னிடம் இருந்தது. அதைக் கொண்டே அந்தச் செயலியை வழிக்குக் கொண்டுவரலாம் என்று நெடுநாள் தோன்றவில்லை. தோன்றிய பிறகு சில மாலைகளில் வேலை முடிந்தது.

அதன்பின் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதில் உதவியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறினார்கள். படிகளின் வரிசையை மாற்றியதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே கீழே உள்ளதை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு கைபேசி, எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போன்ற ஒரு விரிதாள், இரண்டு பென்டிரைவ், சில மாலைகளுக்கு ஒரு கணினி. இவ்வளவுதான். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

காசு கட்டும் செயலி எதையும் இப்போது வாங்காதீர்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் அதன் அமைப்புப் பக்கத்தில் தரவை ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத செயலியில் மூன்று ஆண்டு எழுதுவது, அயலவன் காணியில் கிணறு வெட்டுவது போலத்தான்.

1. தொந்தரவை முதலில் பிடியுங்கள்

உங்கள் சாதனம் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடத்தை ஒரு வசனத்தில் எழுதுங்கள். "நான் 9 மணிக்குப் படுப்பவன், எனக்கு 10:30க்குச் செய்தி அறிவிப்பு அனுப்புகிறது." "கொக்கட்டிச்சோலை என்று தட்டச்சு செய்தால் வேறு எதையோ திருத்திப் போடுகிறது." இப்படி ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

தொந்தரவு தெரிந்தால்தான் எதைப் பதிய வேண்டும் என்பது தெரியும் என்பதால் இது முதலாம் படி. களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஓர் ஐயா, ஓய்வுபெற்ற அதிபர், இதை ஏற்கவில்லை. "தம்பி, எல்லாவற்றையும் எழுதி வைத்தால் பிறகு எதற்காவது உதவும்தானே" என்றார். 23 நிரல்களில் (விரிதாளில் மேலிருந்து கீழே போகும் வரிசைகளில்) தொடங்கினார். குடித்த தேநீரின் எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் இருந்தது. பதினெட்டாம் நாளோடு பதிவு நின்றது. இப்போது நான்கு நிரல்களில் இரண்டாம் ஆண்டு போய்க்கொண்டிருக்கிறது.

2. ஐந்து நிரல் போதும்

திகதி, படுத்த நேரம், எழுந்த நேரம், தொந்தரவோடு தொடர்புடைய ஓர் எண், ஒரு குறிப்புச் சொல். எண் என்பது காலடியாக இருக்கலாம், இரத்தத்தில் சீனியின் அளவாக இருக்கலாம், வீட்டு மின்மானியின் வாசிப்பாகவும் இருக்கலாம்.

திகதியை 2025-03-07 என்ற ஒழுங்கில், ஆண்டை முன்வைத்து எழுதுங்கள். 07/03 என்று எழுதினால் நமக்கு அது மார்ச் 7. அமெரிக்க ஒழுங்கில் அமைக்கப்பட்ட கணினிக்கு அது யூலை 3. மாதத்தின் 13ஆம் திகதி முதல் அது குழம்பாது, முதல் 12 நாள்களை மட்டும் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடும். அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கு ஆகிறது.

நள்ளிரவு தாண்டிப் படுத்தால் 0:30 என்று எழுதாதீர்கள், 24.5 என்று எழுதுங்கள். ஒரு நாள் இரவு 11:30க்கும் மறுநாள் 12:30க்கும் படுத்தவரின் சராசரியை விரிதாளிடம் கேட்டால், 23.5ஐயும் 0.5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, நீங்கள் நண்பகல் 12 மணிக்குப் படுப்பவர் என்று சொல்லும். கணக்கில் அதன் பிழை எதுவும் இல்லை.

3. குறிப்புச் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள்

ஐந்தாம் நிரல்தான் பின்னாளில் உங்களைக் காப்பாற்றும். அன்று வழமை ஏன் குலைந்தது என்பதற்கு ஒரு சொல்: மழை, காய்ச்சல், பிரயாணம், போயா, நோன்பு, சடங்கு, மின்தடை. வழமையான நாளென்றால் வெறுமையாக விடுங்கள். பத்துச் சொற்களுக்குமேல் போகாமல் ஒரு பட்டியலை முதலிலேயே எழுதி, அதிலிருந்து மட்டும் எடுங்கள். இன்று "மழை" என்றும் நாளை "சரியான மழை" என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு காரணங்கள்.

திகதி இருக்கும்போது சொல் எதற்கு என்று காத்தான்குடி நண்பர் கேட்டார். அவருடைய பதிவிலேயே விடை இருந்தது. நோன்பு மாதத்தில் அவருடைய தூக்கம் இரண்டாக உடைந்து, எழும்பும் நேரம் முழுதாக மாறிவிடும். ஆனால் நோன்பு ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. "மார்ச் மாதம் முந்தி எழுப்பு" என்று கைபேசிக்குச் சொன்னால் ஓரிரு ஆண்டுக்குச் சரிபோல் இருக்கும், பிறகு பிழைக்கும். "நோன்பு" என்ற குறியை வைத்துக் கணக்கெடுத்தால் எந்த மாதத்தில் வந்தாலும் விதி கூடவே வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்காகக் கண்விழிப்பவர்களுக்கும் இதே நியாயம்தான்.

4. ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதை எடுங்கள்

புதிதாக எழுதத் தொடங்கியவுடன் பழையதையும் தேடுங்கள். உங்களுக்குத் தெரியாமலே கைபேசி சில ஆண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கலாம்.

ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் உங்கள் படத்தைத் தொட்டால், கீழே எல்லா ஆரோக்கியத் தரவையும் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. கூகுள் கணக்கில் உள்ளதற்கு டேக்அவுட் என்ற சேவை. அதில் "எனது செயல்பாடு" என்ற பகுதி வழமையாக இணையப் பக்க வடிவில் வரும். அதை ஜேசன் (JSON) என்ற தரவு வடிவுக்கு மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் விரிதாளுக்குள் கொண்டுவருவது பெரும் பாடு.

போய்வந்த இடங்களின் காலவரிசை இப்போது கூகுளின் கணினியில் இல்லை, உங்கள் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அண்ட்ரொய்டில் அமைப்புகளில் இருப்பிடம் என்ற பகுதிக்குள் போய் அங்கிருந்துதான் ஏற்றுமதி செய்ய வேண்டும். கைபேசியை மாற்றுமுன் இதைச் செய்யாமலும் காப்புப் பிரதி இல்லாமலும் விட்டால் அது போனது போனதுதான். தானாக அழிக்கும் காலம் மூன்று மாதம் என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இருப்பிடப் பதிவு வேண்டாம் என்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை. சோதனைச் சாவடிகளின் காலத்தில் வளர்ந்த எங்களில் பலருக்கு, எங்கே போனோம் என்று எங்கும் எழுதியிருப்பதே பிடிக்காது. அந்த நிரல் இல்லாமலும் கீழே உள்ள எல்லாமே நடக்கும்.

5. சுத்தம் செய்வதற்குமுன் பூட்டுங்கள்

இறக்கிய கோப்பைத் திறக்குமுன் அப்படியே பென்டிரைவில் ஒரு பிரதி. "மூலம்" என்று பெயரிட்டு அதன்பின் தொடாதீர்கள். அடுத்த படியில் எப்படியும் ஒருமுறையாவது எதையாவது அழித்துவிடுவீர்கள். நான் 2022இன் யூன் மாதம் முழுவதையும் அழித்தேன்.

இரண்டாம் பென்டிரைவ் வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. என்னுடையது படுவான்கரையில் மாமி வீட்டு அலுமாரியில், செவன்-சிப் (7-Zip) என்ற மென்பொருள் கொண்டு கடவுச்சொல்லிட்டுக் கிடக்கிறது. என் தூக்கக் கணக்கை மாமி படிக்கப்போவதில்லை. ஆனால் பென்டிரைவ்கள் பாட்டு ஏற்றக் கைமாறிப் போவதுண்டு.

கைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். திரைப்பூட்டைச் சொல்லிவிட்டு வந்தால் உங்கள் பதிவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று பொருள்.

6. சுத்தம் செய்தல்: எல்லோரும் விழும் கிடங்கு

இதற்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் பொய்.

நேர வலயம். கூகுள் தரும் பல கோப்புகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நமது நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. காலை 4:30க்குக் கடற்கரைக்குப் புறப்பட்ட ஒருவரின் நடை, கோப்பில் முதல் நாள் இரவு 23:00 என்று நிற்கும். திகதியே மாறிவிடுகிறது, கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நடை சனிக்கிழமைக் கணக்கில் சேர்ந்து, வாரத்தின் முழு உருவமும் கோணும். நேர நிரலுடன் 5.5ஐ 24ஆல் வகுத்த விடையைக் கூட்டுங்கள், சரியாகிவிடும். ஐபோனின் ஆரோக்கியக் கோப்பில் நேரத்தின் பின்னால் +0530 என்று எழுதியிருக்கும். அதற்கு மறுபடியும் கூட்டாதீர்கள். சரிபார்க்க ஒரே வழி: நிச்சயமாக நினைவிருக்கும் ஒரு நாளை எடுத்து, கோப்பில் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது.

வெறுமையும் பூச்சியமும். 2024 நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் என் கைபேசி நான்கு நாள் பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு அலுமாரிமேல் இருந்தது. என் பதிவின் அந்த வரி இப்படி இருக்கிறது: 2024-11-27, 22.5, 4.0, 0, மழை. உண்மையில் அன்று பொருள்களை மேலே ஏற்றி, அயல்வீட்டு அம்மாவைப் பாடசாலைக்குக் கூட்டிப்போய், நான் நடந்ததற்குக் கணக்கே இல்லை. அந்த 0 ஒரு பொய். அளக்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். சராசரி எடுக்கும்போது விரிதாள் வெறுமையைத் தள்ளிவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். நான்கு பூச்சியங்கள் ஒரு மாதத்தின் சராசரியையே தலைகீழாக்கப் போதும்.

இரட்டைக் கணக்கு. ஐபோனும் வாட்ச்சும் இரண்டுமே வைத்திருந்தால் ஒரே நடை இரண்டு வரியாகப் பதிந்திருக்கும். திரையில் காட்டும்போது செயலி அதைக் கழித்துவிடுகிறது. ஏற்றுமதிக் கோப்பு கழிப்பதில்லை. ஒரே சாதனத்தின் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொய்க் காலடி. மணிக்கட்டில் அணியும் கருவி கை ஆடுவதைத்தான் எண்ணுகிறது. மருதமுனையில் கைத்தறியில் இருக்கும் ஒருவர் காலை முழுவதும் தறியைவிட்டு எழவில்லை, வாட்ச் அவரை நடக்கவைத்துக் கொண்டிருந்தது. குன்றும் குழியுமான வீதியில் மோட்டார் சைக்கிளில் போனாலும் சில கருவிகள் ஏமாறும். அவருக்குச் சொன்ன தீர்வு எளிது: தறியில் இருக்கும்போது கழற்றிவிடுங்கள். தரவைப் பின்னால் திருத்துவதைவிட முன்னாலேயே கெடாமல் பார்ப்பது மேல்.

அலகு. சீனி வருத்தம் உள்ளவர்களின் பதிவில் இதைக் கட்டாயம் பாருங்கள். நமது கிளினிக் கொப்பியில் அளவு டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கருவி லீற்றருக்கு மில்லிமோலில் காட்டலாம். 126ம் 7ம் ஒரே அளவுதான். 18ஆல் பெருக்க வேண்டும்.

எழுத்துரு. பழைய பதிவைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், திரையில் "அம்மா" என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடினாலும் கிடைக்காது, எந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கும் புரியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடாக இருந்தும் எக்செலில் கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பை இருமுறை தட்டித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக, குறியீட்டு முறையில் 65001 என்பதைத் தெரிவுசெய்து திறங்கள்.

7. ஒரு முழு ஆண்டு கடக்கட்டும்

இங்கேதான் எல்லோரும் என்னுடன் சண்டை பிடிப்பார்கள். மூன்று மாதப் பதிவு போதாதா? போதாது. நமது ஆண்டுக்கு இரண்டு முகம். ஐப்பசியிலிருந்து தை வரை மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். பங்குனியில் எடுத்த கணக்கைக் கொண்டு மார்கழிக்கு விதி எழுதினால் என் நடைச் செயலி செய்த அதே பிழையை நீங்களே செய்வீர்கள். வயல் செய்பவர்களுக்கு இன்னும் தெளிவு: பெரும்போகத்து நாளும் சிறுபோகத்து நாளும் ஒன்றாகவா இருக்கிறது?

எண்ணே வேண்டாத வேலைகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விசைப்பலகைச் சொற்களை முதல் வாரமே செய்யலாம். 9ஆம் படியில் வருகிறது.

8. கடைசி மாதத்தை ஒளித்துவிட்டு விதி எழுதுங்கள்

விதி எழுதுமுன் கடைசி ஒரு மாத வரிகளை வெட்டி வேறொரு தாளில் வைத்து மூடிவிடுங்கள். இதை முன்கூட்டியே செய்யாவிட்டால் பிறகு பரீட்சிக்க ஒன்றும் இருக்காது. படித்த வினாவையே பரீட்சைக்கும் போட்டதுபோல் ஆகும்.

மிச்சத்தில், மாதவாரியாகச் சராசரிக்குப் பதில் இடையத்தைப் பாருங்கள். சாதாரணதரக் கணிதத்தில் படித்ததுதான்: வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன ஒரு கிழமை, ஆடி மாதச் சராசரியைத் தூக்கி எறிந்துவிடும். இடையத்தை அவ்வளவு எளிதில் அசைக்காது.

என் பதிவில் மார்ச் மாத இடையம் 7,200 காலடி, டிசம்பரில் 2,900. இதிலிருந்து விதி: பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை இலக்கு 7,000, நவம்பர் முதல் ஜனவரி வரை 3,000, இடைப்பட்ட ஒக்டோபரில் 5,000. "என்றால்" என்ற சொல் வரும்படி எழுதுங்கள், மூன்று விதிக்குமேல் வேண்டாம். விதியாக எழுத முடியாத ஒன்றைச் சாதனத்துக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

9. சாதனத்துக்குச் சொல்லிக்கொடுத்தல்

கைபேசியின் சொந்த அமைப்புகளிலிருந்து தொடங்குங்கள். உறங்கும் நேரம், தொந்தரவு செய்யாதே அட்டவணை, நடை இலக்கு. உங்கள் இடையம் இரவு 9:20 என்றால் அட்டவணையை 9:00க்கு வையுங்கள். என்னைக் கேட்டால் பாதித் தொந்தரவு இங்கேயே தீர்ந்துவிடும்.

விசைப்பலகைக்கு உங்கள் பழைய செய்திகளே தரவு. வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை ஊடகம் இல்லாமல் ஏற்றுமதி செய்து, உங்கள் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர் எழுதியதை அழியுங்கள். அது உங்கள் சொத்தல்ல. நீங்கள் அடிக்கடி எழுதும் ஊர்ப்பெயர்களையும் வீட்டுச் சொற்களையும் பொறுக்கி கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதியில் தமிழின் கீழ்ச் சேருங்கள். எழுவான்கரை, படுவான்கரை, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று என்று நாற்பது சொல் சேர்த்தபின் என் விசைப்பலகை என்னோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தியது.

சாட்ஜிபிடி போன்ற உதவியாளருக்கு மூன்று ஆண்டுக் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். நீண்ட எண் பட்டியலைப் பார்த்துவிட்டு அது தயக்கமில்லாமல் தவறான சராசரி சொல்லக்கூடும், உங்கள் வீட்டு நடமாட்டமும் தேவையின்றி வெளியே போகும். கணக்கை விரிதாளில் முடித்து, முடிவை மட்டும் அதன் நிலையான அறிவுறுத்தல் பகுதியில் எழுதுங்கள். என்னுடையது:

"நான் மட்டக்களப்பில் இருக்கிறேன். காலை 4:45க்கு எழுந்து இரவு 9:20க்குப் படுப்பேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வெளியே நடக்கும் யோசனை சொல்லாதே. வீட்டுக்குள் 20 நிமிடத்தில் செய்யக்கூடியதைச் சொல். இலங்கைத் தமிழில் எழுது. மருந்தின் அளவைப் பற்றிப் பேசாதே."

கடைசி வசனத்தை யாரும் விடாதீர்கள். சீனியின் அளவில் ஏதாவது ஒழுங்கு தெரிந்தால் அதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

10. ஒளித்த மாதத்தைத் திறங்கள்

மூடி வைத்த தாளை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் விதி பொருந்தியதா என்று சரி அல்லது பிழை போடுங்கள். 30 நாளில் 20க்குமேல் பொருந்தினால் நான் விதியை வைத்துக்கொள்வேன். பொருந்தாத நாள்களின் ஐந்தாம் நிரலைப் பாருங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சொல்லுக்குத் தனி விதி வேண்டும். அங்கே வெறுமைதான் இருக்கிறது என்றால் விதியே பிழை, 8ஆம் படிக்குத் திரும்புங்கள்.

வேலை மாறினால், வீடு மாறினால், குழந்தை பிறந்தால் பழைய விதி அன்றே செல்லாது. என் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது அவளுடைய கைபேசி மூன்று வாரம் இரவு 10 மணிக்கு "உறங்கும் நேரம்" என்று அறிவித்துக்கொண்டே இருந்தது, கைக்குழந்தை வீரிட்டுக்கொண்டிருக்கும்போது. அப்படியான நாளில் விதியை நிறுத்திவிட்டு ஐந்தாம் நிரலில் ஒரு புதிய சொல்லைத் தொடங்குங்கள். அவள் "பிள்ளை" என்று தொடங்கினாள்.